கைமாறி வந்த வைத்தியம் - நடத்தை சிகிச்சையின் கதை

ஊர் ஊராக ட்ரான்ஸ்ஃபரில் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒவ்வொரு ஊரிலும் கேலி செய்வதற்கென்றே ஒரு இடத்தின் பெயர் உண்டு. நம்மூரில் கீழ்ப்பாக்கம். பெங்களூரில் நிம்ஹான்ஸ். வடக்கே போனால் ஆக்ரா, பீகார் பக்கம் ராஞ்சி, புனேயில் எரவாடா, கோழிக்கோட்டில் குதிரவட்டம். ஆபீஸில் யாராவது கொஞ்சம் ஒரு மாதிரி பேசினால் போதும், "அங்கே ஒரு பெட் காலியா இருக்காம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். பாஷை தெரியாத ஊரில் முதல் மாதத்திலேயே புரிந்துவிடுகிற ஜோக்குகளில் இதுவும் ஒன்று.

இந்தக் கேலியால் நமக்கு ஒரு நஷ்டமும் உண்டு. மனநல வைத்தியம் என்றாலே இரண்டு படங்கள்தான் மனதில் வருகின்றன. ஒன்று, சினிமாவில் காட்டுகிற ஷாக் ட்ரீட்மெண்ட். இன்னொன்று, சோபாவில் படுக்க வைத்து "சின்ன வயசுல என்ன நடந்தது?" என்று கேட்கிற கண்ணாடி போட்ட டாக்டர். இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பரபரப்பு எதுவும் இல்லாததால் சினிமாக்காரர்கள் அதைச் சீண்டுவதே இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், வாராவாரம் கொஞ்சம் ஹோம்வொர்க், இவ்வளவுதான் அதன் சாமான்கள். பெயர் 'பிஹேவியர் தெரபி', தமிழில் நடத்தை சிகிச்சை.

பி.காம். படித்து வங்கியில் வவுச்சர் பார்க்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, சொல்லப் போவதும் இல்லை. ஆனால் இதன் வரலாற்றை யாரும் படிக்கலாம். படித்தபோது என்னைப் பிடித்துக்கொண்டது ஒரு விஷயம். இந்த வைத்தியம் பெரிய டாக்டர்களின் கையிலேயே தங்கவில்லை. மாணவி, நர்ஸ், சைக்காலஜிஸ்ட், கடைசியில் கோவாவின் சாதாரணப் பட்டதாரிகள் என்று கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

ஒரு குழந்தையும் ஒரு முயலும்

கதையை ரஷ்யாவில் ஆரம்பிப்பதுதான் வழக்கம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இவான் பாவ்லோவ் நாய்களின் ஜீரணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1904ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் ஜீரண ஆராய்ச்சிக்காகத்தான். சாப்பாட்டைப் பார்த்தால் நாய்க்கு எச்சில் ஊறும். சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் ஒரு சத்தத்தைக் கேட்க வைத்தால், கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்துக்கே எச்சில் ஊறும். உடம்பு இப்படிப் 'பழகிக்கொள்கிறது' என்பது அவர் கண்டது.

அமெரிக்காவில் ஜான் வாட்சன் என்ற பேராசிரியர் இதை மனிதப் பயத்துக்குக் கொண்டு போனார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவரும் ரோஸலி ரேனரும் சேர்ந்து ஒரு வயதுகூட ஆகாத குழந்தையிடம் ஒரு வெள்ளை எலியைக் காட்டினார்கள். குழந்தைக்கு எலியிடம் பயமே இல்லை. குழந்தை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். கொஞ்ச நாளில் எலியைப் பார்த்தாலே குழந்தை அழ ஆரம்பித்தது. 1920ல் இது கட்டுரையாக வெளிவந்தது. பயத்தை உண்டாக்கினார்களே, எடுத்தார்களா? இல்லை. அதற்குள் குழந்தை ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இந்தச் சோதனைக்கு அனுமதி தராது. வாட்சன் அதே வருடம் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற நேர்ந்து, பிறகு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

விட்ட இடத்தில் வேலையை எடுத்துக்கொண்டவர் மேரி கவர் ஜோன்ஸ். ரோஸலியின் கல்லூரித் தோழி, இருபதுகளில் இருந்த ஆராய்ச்சி மாணவி. வாட்சன் கேட்காமல் விட்ட கேள்வியை இவர் கேட்டார்: பயத்தைக் கற்றுக்கொடுக்க முடியும் என்றால், கற்றதை மறக்கடிக்க முடியாதா?

பீட்டர் என்று அவர் குறிப்பிடும் பையனுக்கு அப்போது இரண்டு வயது பத்து மாதம். வெள்ளை எலி, முயல், கம்பளிக் கோட்டு, இறகு, பஞ்சு என்று மெத்தென்று இருக்கிற எல்லாவற்றுக்கும் பயம். மேரி செய்தது நம் பாட்டிகளுக்கும் புரிகிற காரியம். பையனை உயர நாற்காலியில் உட்கார வைத்து அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்தார். அறையின் கோடியில் கூண்டுக்குள் முயல். சாப்பாடு நிற்காத அளவுக்கு மட்டும் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினார். முதலில் பன்னிரண்டு அடி தூரத்தில். அப்புறம் நாலு அடி, மூன்று அடி, பக்கத்தில். பிறகு கூண்டுக்கு வெளியே. முயலுக்குப் பயப்படாத வேறு குழந்தைகளையும் கூட விளையாட விட்டார். நடுவில் பீட்டருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு மாதம் இடைவெளி. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் பெரிய நாய் ஒன்று பாய்ந்து பழைய பயமெல்லாம் திரும்பி வந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். முடிவில் பீட்டர் தன் விரலை முயல் கடித்துப் பார்க்கவும் விட்டான்.

1924ல் வந்த அந்தக் கட்டுரையில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இதை அஜாக்கிரதையாகச் செய்தால் எதிர்விளைவு வரும். முயலை அவசரப்பட்டுக் கிட்டே கொண்டுவந்தால், பையனுக்கு முயல் பயம் போகாது, சாப்பாட்டைக் கண்டாலும் பயம் வந்துவிடும். இந்த எச்சரிக்கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையை அன்றைக்கு அதிகம் பேர் கவனிக்கவில்லை. மேரிக்கு 'நடத்தை சிகிச்சையின் தாய்' என்ற பெயர் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தப் பெயரைக் கொடுத்தவர் ஒரு தென்னாப்பிரிக்க டாக்டர்.

ஜோஹன்னஸ்பர்க் பூனைகள்

ஜோசப் வோல்ப் இரண்டாம் உலகப் போரின்போது தென்னாப்பிரிக்க ராணுவத்தில் டாக்டர். போர்முனையில் அரண்டு போய் வந்த சிப்பாய்களுக்கு அப்போது மருந்து கொடுத்து அரைமயக்கத்தில் பேச வைப்பார்கள். பேசினார்கள், ஆனால் குணம் நிலைக்கவில்லை. ஏமாற்றத்தோடு வெளியே வந்த வோல்ப், 1940களின் கடைசியில் ஜோஹன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ரேண்ட் பல்கலைக்கழகத்தில் பூனைகளை வைத்து ஆராய்ச்சி செய்தார். கூண்டில் மின் அதிர்ச்சி வாங்கிய பூனை, எவ்வளவு பசித்தாலும் அந்தக் கூண்டில் சாப்பிடாது. அந்த அறையிலேயே சாப்பிடத் தயங்கும். அந்த அறையைக் கொஞ்சமே ஒத்த வேறு அறையில் தீனி வைத்தார். அங்கே சாப்பிட்டதும் இன்னும் கொஞ்சம் ஒத்த அறை. கடைசியில் அதே கூண்டு. பூனை சாப்பிட்டது.

மனிதர்களிடம் சாப்பாட்டுக்குப் பதிலாகத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சியைப் பயன்படுத்தினார். பயத்தை ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்தச் சொன்னார். ஒவ்வொரு படிக்கும் 0 முதல் 100 வரை நோயாளியே மார்க் போடவேண்டும். உடம்பைத் தளர்த்தியபடி கீழ்ப்படியை மனதில் நினைக்கவேண்டும். அது பழகினால்தான் அடுத்த படி. 1958ல் வந்த அவருடைய புத்தகத்தில், தன்னிடம் வந்த 210 பேரில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் குணமானார்கள் அல்லது நன்றாகத் தேறினார்கள் என்று எழுதினார். தன் கணக்கைத் தானே ஆடிட் செய்தது அது, அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கணக்கு என்று ஒன்றைக் காட்டினார் பாருங்கள், அதுதான் புதுசு.

இது எப்படி வேலை செய்கிறது?

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் எனக்குச் சுலபம். கிரெடிட் கார்டு பில்லில் 'மினிமம் டியூ' என்று ஒரு தொகை இருக்கும். அதை மட்டும் கட்டினால் இந்த மாதம் போன் வராது, நிம்மதி. ஆனால் அசல் அப்படியே நிற்கும், அதற்கு வட்டி ஏறும்.

பயத்தைத் தவிர்ப்பதும் இதேதான். ஒருவருக்கு மும்பை லோக்கல் ரயிலில் ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு ஏறாமல் ஆட்டோ பிடிக்கிறார். உடனே நிம்மதி. அந்த நிம்மதிதான் வம்பு. 'தப்பிச்சோம், ஏறியிருந்தா போயிருப்போம்' என்று மனசு கற்றுக்கொள்கிறது. நாளைக்கு ஸ்டேஷன் பக்கம் போகவே பயம். அப்புறம் கூட்டமான கடை, லிஃப்ட், கல்யாண மண்டபம் என்று வட்டி ஏறிக்கொண்டே போகும்.

சிகிச்சை என்பது அசலைத் தவணையில் அடைப்பது. முதல் வாரம் ஸ்டேஷன் வாசலில் நின்று படபடப்பு தானாக இறங்கும்வரை காத்திருப்பது. அடுத்து ப்ளாட்பாரம். அடுத்து கூட்டமில்லாத மதிய நேரத்தில் ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம். ஒவ்வொரு முறையும் மார்க் போட்டு நோட்டில் எழுதவேண்டும். 80ல் ஆரம்பித்த படபடப்பு அரை மணியில் 30க்கு வந்ததைத் தன் கையெழுத்தில் பார்க்கும்போது, எவ்வளவு அறிவுரை சொன்னாலும் வராத நம்பிக்கை வருகிறது. பயம் ஒரு உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும், நாம் பயந்த விபரீதம் நடக்கவில்லை என்பதை மூளை அனுபவத்தில்தான் கற்றுக்கொள்ளும். தசைத் தளர்வு கட்டாயம் இல்லை, நேருக்கு நேர் நிற்பதுதான் முக்கிய வேலையைச் செய்கிறது என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின.

கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டைப் பத்து தடவை இழுத்துப் பார்ப்பது போன்ற ஓ.சி.டி.க்கும் இதே கணக்கு. கழுவியதும் கிடைக்கிற நிம்மதிதான் மினிமம் டியூ. 1966ல் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் விக்டர் மேயர் என்ற சைக்காலஜிஸ்ட், அதுவரை எந்த வைத்தியத்துக்கும் மசியாத இருவரை இப்படித் தேற்றியதை எழுதினார். அசுத்தம் என்று பயப்படும் பொருளைத் தொடவேண்டும், தொட்டபிறகு கழுவக்கூடாது. கூடவே நின்று, பேசி, தைரியம் சொல்லி, கழுவாமல் பார்த்துக்கொண்டவர்கள் நர்ஸுகள். இன்றைக்கும் ஓ.சி.டி.க்கு முதலில் சொல்லப்படும் சிகிச்சைகளில் இது ஒன்று.

யார் செய்யலாம்?

இங்கேதான் தகராறு ஆரம்பித்தது. லண்டனில் மாட்ஸ்லி ஆஸ்பத்திரி புகழ்பெற்றது. அங்கே ஹான்ஸ் ஐசங்க் என்ற சைக்காலஜிஸ்ட், 1952ல் ஒரு கட்டுரையில் பெரிய குண்டைப் போட்டார். நரம்புத் தளர்ச்சி என்று அன்று சொல்லப்பட்ட நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எந்த மனோ சிகிச்சையும் இல்லாமலே இரண்டு வருடத்தில் தேறிவிடுகிறார்கள், அப்படியிருக்க உங்கள் சோபா வைத்தியத்தால் என்ன கூடுதல் லாபம் என்று கேட்டார். அவர் கணக்கில் ஓட்டை இருப்பதாகப் பலர் சொன்னார்கள். ஆனால் 'லாபம் என்ன?' என்ற கேள்வி நின்றுவிட்டது. (ஆடிட் கேட்டவரே பின்னாளில் ஆடிட்டில் மாட்டினார். குணத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு என்று அவர் இன்னொருவரோடு எழுதியவற்றில் 26 கட்டுரைகள் நம்பத்தக்கவை அல்ல என்று லண்டன் கிங்ஸ் கல்லூரி விசாரணை 2019ல் முடிவு சொன்னது.)

ஐசங்க் கேட்ட இன்னொன்று: கற்றலைப் பற்றிப் படித்தவன் சைக்காலஜிஸ்ட். பிறகு ஏன் அவன் சிகிச்சை தரக்கூடாது? அந்த நிறுவனத்தின் தலைமை டாக்டர் ஆப்ரி லூயிஸுக்கு இது பிடிக்கவில்லை. சைக்காலஜிஸ்ட் பரிசோதிக்கலாம், ஆராயலாம், சிகிச்சை டாக்டரின் வேலை என்பது அவர் கட்சி. ஆனால் 1950களின் கடைசியிலிருந்து காற்று ஐசங்க் பக்கம் திரும்பியது.

கடலுக்கு அந்தப் பக்கம் இதைவிடத் துணிச்சலான காரியம் நடந்துகொண்டிருந்தது. கனடாவின் வெய்பர்ன் என்ற சின்ன ஊரில் பெரிய மனநல ஆஸ்பத்திரி. அங்கே டியோடோரோ அயோனும் ஜாக் மைக்கேலும் சிகிச்சையை நர்ஸுகள் கையிலேயே கொடுத்தார்கள். ஒரு பெண் நோயாளி ஒரு நாளைக்குச் சராசரியாக 16 தடவை நர்ஸுகளின் அறைக்குள் வந்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் திட்டி, பிடித்து, வெளியே அனுப்புவார்கள். அந்தத் திட்டுதான் அவருக்குக் கிடைத்த ஒரே கவனிப்பு என்பது இவர்கள் கணிப்பு. உள்ளே வந்தால் கண்டுகொள்ளாதீர்கள் என்று நர்ஸுகளிடம் சொன்னார்கள். ஏழு வாரத்தில் 16 என்பது 2 ஆனது. இது 1959ல் வெளிவந்தது.

அதே அயோன் 1960களில் நேதன் அஸ்ரினுடன் சேர்ந்து அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநில ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு வங்கியே நடத்தினார்! பல வருடங்களாக வார்டிலேயே கிடந்த நோயாளிகள் பல் தேய்த்தால், படுக்கையை மடித்தால், சமையலறையில் உதவினால் டோக்கன். டோக்கனைக் கொடுத்து சினிமா பார்க்கலாம், வெளியே உலாவப் போகலாம், கடையில் சாமான் வாங்கலாம். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள். ஆனால் டோக்கன் கொடுத்து வாங்கும் பட்டியலில் தனிமையும், தனக்குப் பிடித்த அறையும்கூட இருந்தன. 1972ல் அலபாமா வழக்கு ஒன்றில் நீதிபதி ஃப்ராங்க் ஜான்சன் மனநல ஆஸ்பத்திரிகளுக்குக் குறைந்தபட்ச விதிகளை வகுத்தார். நல்ல படுக்கை, சத்தான சாப்பாடு, அந்தரங்கம் எல்லாம் நோயாளியின் உரிமை. ஆஸ்பத்திரி வேலையை விருப்பப்பட்டால் மட்டும் செய்யலாம், அதற்குக் கூலி உண்டு என்றார். அடிப்படை உரிமையைப் பறித்துவைத்துக்கொண்டு அதையே பரிசாகக் கொடுக்கும் வழி இதோடு அடைபட்டது. டெபாசிட்தாரரின் பணத்தை அவருக்கே கடனாகக் கொடுத்து வட்டி வாங்குவது போலத்தானே அது!

மறுபடி லண்டன். 1972ல் மாட்ஸ்லியில் ஐசக் மார்க்ஸ் என்ற மனநல டாக்டர், நர்ஸுகளையே முழுமையான சிகிச்சையாளர்களாகப் பயிற்றுவிக்க ஆரம்பித்தார். பயம், ஓ.சி.டி. நோயாளிகளை நர்ஸே மதிப்பிட்டு, திட்டம் போட்டு, முடித்து அனுப்புவார். பலன் டாக்டர்களும் சைக்காலஜிஸ்டுகளும் கொடுத்த பலனுக்குச் சமமாகவே இருந்தது. காரணம் சுலபம்தான். படிகள் எழுதப்பட்டிருந்தன, மார்க் போடப்பட்டது, மேலே ஒருவர் மேற்பார்வை பார்த்தார். எழுதி வைக்க முடிகிற வேலையைத்தானே இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்.

கறுப்புப் பக்கம்

மேரி கவர் ஜோன்ஸின் எச்சரிக்கை ஞாபகம் இருக்கிறதா? பயத்தை எடுக்கிற கருவியாலேயே பயத்தைப் புகுத்தவும் முடியும். 1960களிலும் 70களிலும் இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒருபால் ஈர்ப்பு உள்ளவர்களை 'மாற்றுகிறேன்' என்று படத்தைக் காட்டி மின் அதிர்ச்சி கொடுத்தார்கள், வாந்தி மருந்து கொடுத்தார்கள். செய்தவர்கள் போலிகள் அல்ல, பெரிய ஆஸ்பத்திரிகளில் பட்டம் பெற்று வேலை பார்த்தவர்கள். ஈர்ப்பு மாறவில்லை. வெட்கமும் வலியும்தான் மிஞ்சின.

1973ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஒருபால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. அடுத்த வருடம் நடத்தை சிகிச்சையாளர்களின் சங்கத் தலைவர் ஜெரால்ட் டேவிசன், தன் தலைமையுரையில், நோயாளியே வந்து கேட்டாலும் நாம் இந்த மாற்று வேலையைச் செய்யக்கூடாது என்றார். முடியுமா என்பது இரண்டாவது கேள்வி, செய்யலாமா என்பதே முதல் கேள்வி என்பது அவர் வாதம். தன் சங்கத்தாரின் முகத்துக்கு நேராக இதைச் சொல்ல தைரியம் வேண்டும்.

இது எங்கோ நடந்த பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2021 ஜூன் 7ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்ட மாற்று சிகிச்சைக்குத் தடை விதிக்கவும் அதைச் செய்கிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கு அது. விஷயத்தைப் புரிந்துகொள்ள நீதிபதியே ஒரு சைக்காலஜிஸ்டிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார் என்பது அந்த வழக்கின் தனிச்சிறப்பு. 2022ல் தேசிய மருத்துவ ஆணையம், மாற்று சிகிச்சை செய்வது டாக்டருக்குத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

பெங்களூரும் கோவாவும்

நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கு ஆட்களைத் தயார் செய்த முக்கிய இடம் பெங்களூர். 1954ல் ஆரம்பித்த அகில இந்திய மனநல நிறுவனம் அடுத்த வருடமே டாக்டர்களுக்கு ஒரு டிப்ளமா, சைக்காலஜி படித்தவர்களுக்கு ஒரு டிப்ளமா என்று இரண்டையும் தொடங்கியது. அதுதான் 1974ல் நிம்ஹான்ஸ் ஆனது. 1992ல் வந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. 2017 மனநலச் சட்டம், யார் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பதை வரையறுத்து எழுதியது.

ஆனால் ஆள் போதவில்லை. 2015-16ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சைக்கே வந்து சேரவில்லை. இத்தனை பேருக்கும் எம்.ஃபில். படித்தவர்கள் வேண்டும் என்றால் எந்தக் காலத்தில் நடக்கும்?

பதில் கோவாவிலிருந்து வந்தது. அதற்கு முன் ஒரு அமெரிக்க முன்கதை. 1960களில் பிலடெல்பியாவின் ஆரன் பெக், மனச்சோர்வில் எண்ணங்களின் பங்கைக் காட்டி நடத்தை சிகிச்சையோடு எண்ணத்தையும் சேர்க்க வழி செய்தார். அதுதான் இன்று எல்லோரும் சொல்லும் சி.பி.டி. 1996ல் சியாட்டிலில் நீல் ஜேக்கப்சன் குழு இந்த சி.பி.டி.யைப் பிரித்துப் பார்த்தது. எண்ணத்தை விட்டுவிட்டு, செயலை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? முழு சிகிச்சைக்குச் சமமான பலன். அதாவது 'மனசு சரியானதும் நடக்கப் போறேன்' என்பதைத் திருப்பிப் போட்டு, 'நடக்கப் போனால் மனசு கொஞ்சம் சரியாகும்' என்று வைப்பது. காலையில் எழுந்து குளிப்பது, மார்க்கெட் போவது, விட்டுப்போன நண்பரைப் பார்ப்பது என்று சின்னச் சின்ன வேலைகளுக்கு அட்டவணை போடுவது.

இதை எடுத்துக்கொண்டார்கள் கோவாவில் 1996ல் தொடங்கிய சங்காத் என்ற அமைப்பும் விக்ரம் படேல் என்ற மனநல டாக்டரும். மனநலத்தில் எந்தப் படிப்பும் இல்லாத உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 6 முதல் 8 சந்திப்பு, ஒவ்வொன்றும் 30-40 நிமிடம். கவுன்சிலர்கள் தங்கள் சந்திப்புகளின் ஒலிப்பதிவை ஒருவருக்கொருவர் கேட்டு மார்க் போட்டுக்கொண்டார்கள். 495 பேரை வைத்து நடந்த இந்தச் சோதனையின் முடிவு 2017ல் 'லான்செட்' இதழில் வந்தது. மூன்று மாதத்தில் வழக்கமான கவனிப்போடு இந்தச் சந்திப்புகளும் கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம்.

நியூயார்க்கில் ஒரு மாணவி கையில் ஆரம்பித்தது, கோவா கிராமத்துப் பட்டதாரி கைக்கு வந்து சேர 90 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நம் வீட்டுக்கு வந்தால்

வெளியூரில் இருக்கிற நம் குடும்பங்களுக்கு இதில் மூன்று விஷயம் இருக்கிறது.

முதலாவது, நாமே வட்டி கட்டிக்கொண்டிருக்கலாம். ஓ.சி.டி. உள்ள பிள்ளை "கை சுத்தமாயிடுச்சாம்மா?" என்று இருபது தடவை கேட்டால், இருபது தடவையும் "ஆயிடுச்சு கண்ணா" என்று சொல்கிறோம். அன்பால்தான் சொல்கிறோம். ஆனால் அந்த பதில்தான் மினிமம் டியூ. நம் வீடுகளில் மடி, ஆசாரம், 'சுத்தக்காரி' என்ற பாராட்டு இவற்றுக்குள் இந்த நோய் வருடக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும். அதனால்தான் நல்ல சிகிச்சையாளர் குடும்பத்தையும் கூப்பிட்டு உட்கார வைப்பார். குற்றம் சொல்ல இல்லை, எப்போது பதில் சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுக்க. அதை அவரிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும், நாமாகத் திடீரென்று நிறுத்துவதும் முயலை அவசரமாகக் கிட்டே கொண்டுபோவது மாதிரிதான்.

இரண்டாவது, மொழி. ஊரிலிருந்து கூட்டி வந்த அம்மாவுக்கோ மாமனாருக்கோ இந்தியும் வராது, கன்னடமும் வராது. டாக்டரிடம் மருமகள் மொழிபெயர்க்கிறாள். அந்த மாமனாரின் மனக்கஷ்டமே மருமகள் சம்பந்தப்பட்டதாக இருந்தால்? 'நெஞ்சை அடைக்குது', 'மனசு கிடந்து அடிச்சுக்குது' என்பதை எந்த மொழியில் எப்படிச் சொல்வது? தமிழ் தெரிந்த சிகிச்சையாளரைத் தேடுவது ஆடம்பரம் இல்லை, அவசியம். 2022 அக்டோபர் 10ல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையில் (14416) தமிழிலும் பேசலாம்.

மூன்றாவது, யாரிடம் போகிறோம் என்பது. சைக்யாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்த டாக்டர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுதமாட்டார், பரிசோதனையும் சிகிச்சையும் செய்வார், மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் வைத்திருப்பார். மனநல சமூகப் பணியாளர், மனநல நர்ஸ் ஆகியோரும் பயிற்சி பெற்றிருந்தால் இதைச் செய்யலாம். 'கவுன்சிலர்' என்ற பலகைக்குப் பின்னால் பல வருட அனுபவசாலியும் இருக்கலாம், சில மாத கோர்ஸ் முடித்தவரும் இருக்கலாம். கோவா கதையைப் படித்துவிட்டு 'அப்போ யார் வேணா செய்யலாமே' என்று நினைக்கக்கூடாது. அங்கே எழுதி வைத்த முறை இருந்தது, மேற்பார்வை இருந்தது, கணக்கு இருந்தது. கை மாறலாம், கணக்கு மாறக்கூடாது.

லோன் கேட்டு வருகிறவரிடம் நாங்கள் பத்துக் கேள்வி கேட்கிறோம். நம் பிள்ளையை, பெற்றவரை ஒப்படைக்கிற இடத்தில் நாலு கேள்வி கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள்? எதை மாற்றப் போகிறோம், அது மாறவேண்டும் என்று விரும்புவது யார், நோயாளியா அல்லது நாங்களா? முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? எத்தனை வாரத்தில் திரும்பிப் பார்ப்போம்?

நல்லவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார். ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பிப்பார்.